டிராவல் டிரெய்லருக்குக் கடனும் இன்சூரன்சும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் டிராவல் டிரெய்லர் வாங்கலாமா என்று யோசிக்கும் நண்பர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். டிராவல் டிரெய்லர் என்றால் சொந்த என்ஜின் இல்லாத வண்டி. பிக்கப் டிரக்கோ எஸ்யூவியோ அதை இழுத்துப் போகும். உள்ளே படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் இருக்கும். என்ஜின் இல்லாததால்தான் இதன் இன்சூரன்ஸ் விதிகள் காருடையதுபோல் இல்லை. கழிப்பறை வரை எல்லாம் இருப்பதால் வருமான வரிக் கணக்கிலும் இதற்குத் தனி இடம் உண்டு. அதைப் பிறகு பார்ப்போம்.

முதலில் கடனைப் பார்க்கட்டுமா, இன்சூரன்சைப் பார்க்கட்டுமா?

இரண்டையும் ஒரே தாளில் வைத்துப் பாருங்கள். கடனை டீலரிடமும் இன்சூரன்சைப் போனிலும் தனித்தனியாக முடித்துவிட்டு, இரண்டும் ஒன்றோடொன்று மோதுவதை விபத்துக்கு அப்புறம் கண்டுபிடிப்பவர்கள்தான் அதிகம். கடனை எத்தனை வருடத்துக்கு இழுக்கிறீர்களோ அதைப் பொறுத்துத்தான் எந்த இன்சூரன்ஸ் தேவை என்பதே முடிவாகும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 30,000 டாலர் கடன், 8 சதவீத வட்டி. 5 வருடத்தில் அடைத்தால் மாதம் 608 டாலர், மொத்த வட்டி சுமார் 6,500. 10 வருடம் என்றால் மாதம் 364, வட்டி சுமார் 13,700. 15 வருடம் என்றால் மாதம் 287தான், ஆனால் வட்டி மட்டும் சுமார் 21,600. 15 வருடக் கடனில் முதல் மாதம் கட்டும் 287 டாலரில் 200 வட்டிக்குப் போகிறது. அசலில் 87 டாலர்கூட முழுசாகக் குறைவதில்லை.

ஐந்து வருடம் கழித்து அதே கடனைப் பாருங்கள். 17,000 டாலருக்கு மேல் கட்டியாயிற்று, ஆனாலும் பாக்கி 23,600 நிற்கிறது. 10 வருடக் கடனாக இருந்தால் பாக்கி 17,950. டிரெய்லரோ வாங்கிய நாளிலிருந்து விலை இறங்கிக்கொண்டே வரும். அன்றைக்கு அது 16,000 டாலர்தான் பெறும் என்று வைத்துக்கொள்வோம். பாக்கிக்கும் விலைக்கும் நடுவே இருக்கும் இந்தப் பள்ளம்தான் கீழே வரும் பாதிக் கேள்விகளுக்குக் காரணம்.

இழுக்கிற காருக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதே, அது போதாதா?

பாதி போதும். காரோடு மாட்டி இழுத்துப் போகும்போது உங்கள் டிரெய்லர் இன்னொருவர் வண்டியிலோ ஆள்மீதோ மோதினால், பெரும்பாலான கார் பாலிசிகளில் உள்ள லயபிலிட்டி (பிறருக்கு நேரும் சேதத்துக்கான காப்பு) அதற்கும் நீளும். பெரும்பாலான மாநிலங்கள் டிராவல் டிரெய்லருக்குத் தனி லயபிலிட்டி எடு என்று கட்டாயப்படுத்தாததற்கு இதுதான் காரணம்.

ஆனால் டிரெய்லருக்கே அடிபட்டால் கார் பாலிசி கைவிரித்துவிடும். ஆலங்கட்டி மழை, மரம் சாய்வது, தீ, திருட்டு, வெள்ளம், ரிவர்ஸ் எடுக்கும்போது கம்பத்தில் இடிப்பது எதற்கும் பொதுவாக ஒரு டாலர்கூட வராது. அதற்கு டிரெய்லர் பெயரிலேயே கொலிஷன் (மோதல் சேதத்துக்கு), காம்ப்ரிஹென்சிவ் (திருட்டு, தீ, மரம் விழுவது போன்றவற்றுக்கு) இரண்டும் வேண்டும். கடன் கொடுக்கிறவர் இந்த இரண்டையும் கேட்காமல் விடமாட்டார்.

மாட்டியிருக்கும்போது ஒரு விதி, கழற்றி நிறுத்தியபின் வேறு விதி என்பதையும் மறக்க வேண்டாம். கேம்ப் மைதானத்தில் டிரெய்லரைக் கழற்றி நிறுத்தி, சாய்ப்புத் துணியை விரித்து உட்கார்ந்திருக்கிறீர்கள். பக்கத்து டிரெய்லர்காரர் பேச வருகிறார், உங்கள் படிக்கட்டு வழுக்கிக் கீழே விழுகிறார். இது சாலை விபத்து இல்லை. டிரெய்லர் பாலிசியில் 'வெகேஷன் லயபிலிட்டி' என்று சின்னத் தொகைக்குச் சேர்ப்பது இதற்காகத்தான்.

வீட்டு இன்சூரன்ஸ் டிரெய்லரைக் காக்குமா?

வாசலில் நிற்கும் டிரெய்லர் வீட்டுச் சாமான்தானே என்று கேட்பார்கள். அமெரிக்காவில் பரவலாக இருக்கும் எச்ஓ-3 வகை வீட்டு பாலிசிகள் பலவற்றில் டிரெய்லருக்கு உச்சவரம்பு 1,500 டாலர்தான். வீட்டு வளாகத்துக்கு வெளியே டிரெய்லர் திருடுபோனால் அதுவும் இல்லை. ஆக, வண்டிக்கு இதை நம்ப வேண்டாம்.

உள்ளே இருக்கும் லேப்டாப், கேமரா, துணிமணிக்கு மட்டும் வீட்டு பாலிசி பல நேரம் கைகொடுக்கும். அதனால் டிரெய்லர் பாலிசியில் உள்ளிருக்கும் பொருட்களுக்கென்று பெரிய தொகை சேர்க்கும் முன் வீட்டு பாலிசியைப் புரட்டிப் பாருங்கள். ஒரே பொருளுக்கு இரண்டு பிரீமியம் கட்டுகிறவர்கள் நிறையப் பேர்.

ஏசிவி, அக்ரீட் வேல்யூ, டோட்டல் லாஸ் ரீப்ளேஸ்மென்ட்: எதை எடுப்பது?

டிரெய்லர் முழுசாக அழிந்துபோனால் கைக்கு எவ்வளவு வரும் என்பதை இந்த மூன்றில் ஒன்று முடிவு செய்யும். பாலிசியில் முதலில் தேட வேண்டிய வரி இதுதான்.

ஏசிவி என்றால் விபத்துக்கு முந்தின நாள் சந்தையில் அந்த டிரெய்லர் என்ன விலைக்குப் போயிருக்குமோ அந்தத் தொகை. பிரீமியம் குறைவு, வருவதும் குறைவு. அக்ரீட் வேல்யூ என்றால் பாலிசி எடுக்கும்போதே இரு தரப்பும் ஒரு தொகையை ஒத்துக்கொள்வது. முழுச் சேதமானால் அந்தத் தொகை வரும். பழைய டிரெய்லரை வாங்கிப் பார்த்துப் பார்த்துப் புதுப்பித்தவர்களுக்கு இது பொருந்தும். டோட்டல் லாஸ் ரீப்ளேஸ்மென்ட் என்றால் அதே மாதிரியில் புது டிரெய்லருக்கான தொகை. பொதுவாகப் புது டிரெய்லருக்கும் முதல் உரிமையாளருக்கும் மட்டும்தான் கொடுப்பார்கள், அதுவும் முதல் சில வருடங்களுக்குத்தான். அதற்குப் பிறகு அது சத்தமில்லாமல் வேறு ஒன்றாக மாறிவிடும். எந்த வருடம் மாறுகிறது, எதுவாக மாறுகிறது என்று ஏஜென்ட்டிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

'ஸ்டேட்டட் வேல்யூ' என்று எழுதியிருந்தால் உஷார். அக்ரீட் வேல்யூ போலவே காதில் விழும். பெரும்பாலும், நீங்கள் சொன்ன தொகை, சந்தை மதிப்பு இரண்டில் எது குறைவோ அதைத்தான் தருவார்கள்.

இப்போது நம் கணக்குக்கு வருவோம். ஐந்தாவது வருட முடிவில் மரம் விழுந்து டிரெய்லர் நொறுங்கிவிட்டது. ஏசிவி 16,000, டிடக்டிபிள் (க்ளெய்மில் நம் கையிலிருந்து போகும் பங்கு) 500, ஆக வருவது 15,500. கடன் முடியும்வரை அது முதலில் கடன் கொடுத்தவருக்குத்தான் போகும். 15 வருடக் கடன் வைத்திருப்பவர் இல்லாத டிரெய்லருக்காக இன்னும் 8,100 டாலர் கட்ட வேண்டும். 10 வருடக்காரருக்கு 2,450 டாலர் துண்டு விழும். 5 வருடக்காரருக்குக் கடனே இல்லை. 15,500ஐ வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போகலாம். மூவரும் கட்டியது ஒரே பிரீமியம்.

அந்தத் துண்டு விழும் தொகைக்குத்தானே கேப் இன்சூரன்ஸ்?

ஆமாம். இன்சூரன்ஸ் கொடுத்ததற்கும் கடன் பாக்கிக்கும் உள்ள இடைவெளியை அது அடைக்கும். முன்பணம் குறைவு, தவணைக் காலம் நீளம் என்றால் எடுக்கலாம். டீலர் சொன்ன விலையை அப்படியே ஒத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கிரெடிட் யூனியனிலும் (உறுப்பினர்களே நடத்தும் கூட்டுறவு வங்கி போன்றது) விசாரியுங்கள். டீலர் அதைக் கடனோடு சேர்த்துவிட்டால் அந்தத் தொகைக்கும் 15 வருடம் வட்டி கட்டுவீர்கள்.

கட்டாமல் விட்ட தவணைகளையும் தாமதக் கட்டணத்தையும் கேப் பொதுவாக ஏற்காது. முதன்மை இன்சூரன்ஸ் ஒரு க்ளெய்மை நிராகரித்துவிட்டால் கேப்பும் வராது. கடனை முன்கூட்டியே முடித்தால் மீதிக் காலத்துக்கான தொகையைத் திருப்பிக் கேட்கலாம். கேட்காவிட்டால் யாரும் நினைவுபடுத்தப் போவதில்லை.

என் கருத்து: கேப் இல்லாமல் தூக்கம் வராது என்ற நிலை வந்தால், அந்த டிரெய்லர் உங்கள் கைக்குக் கொஞ்சம் பெரியது.

கடனை எங்கே வாங்குவது?

கிரெடிட் யூனியனில் தொடங்குங்கள். கூட்டாட்சி உரிமம் பெற்ற கிரெடிட் யூனியன்கள் 18 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்க முடியாது என்ற வரம்பு இருக்கிறது. அந்த உச்சத்தை நீங்கள் தொடப்போவதில்லை என்றாலும், இவர்களிடம் எழுத்தில் வாங்கிய முன் ஒப்புதல் கையில் இருந்தால் டீலரிடம் பேச்சே மாறிவிடும்.

டீலர் மூலம் கிடைக்கும் கடன் மோசம் என்று ஒரேயடியாகச் சொல்ல மாட்டேன். பல வங்கிகளுக்கு ஒரே நேரத்தில் விண்ணப்பம் அனுப்புவார்கள், சில சமயம் நல்ல விகிதமும் வரும். ஆனால் வங்கி டீலருக்குச் சொல்லும் வட்டியும் டீலர் உங்களுக்குச் சொல்லும் வட்டியும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. நடுவில் உள்ள வித்தியாசம் டீலருக்கு. அதனால் அதையும் பேரம் பேசலாம்.

நான் முதல் டிரெய்லர் வாங்கியபோது ஃபைனான்ஸ் அறையில் ஒரு தாளை மேசைமேல் திருப்பி வைத்தார்கள். நான்கு கட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு மாதத் தவணை. வட்டி விகிதம் இல்லை, எத்தனை மாதம் என்பது இல்லை, மொத்தத் தொகையும் இல்லை. முதல் கட்டத்துக்கும் கடைசிக் கட்டத்துக்கும் 60 டாலர்தான் வித்தியாசம். அந்த 60 டாலருக்குள் நீட்டித்த சர்வீஸ் ஒப்பந்தம், டயர் திட்டம், பெயின்ட் பாதுகாப்பு எல்லாம் உட்கார்ந்திருந்தன. மாதம் 60 என்றால் 180 மாதத்துக்கு 10,800. கால்குலேட்டரைத் தட்டி அந்த எண்ணைக் காட்டியதும் எதிரில் இருந்தவர் பேச்சை மாற்றி, தண்ணீர் பாட்டில் வேண்டுமா என்று கேட்டார்.

அதனால் மாதத் தவணையைச் சொல்லி ஆரம்பிக்காதீர்கள். டிரெய்லரின் விலையை முதலில் முடியுங்கள், அப்புறம் ஏபிஆர் (கட்டணங்களும் சேர்ந்த வருட வட்டி விகிதம்), அப்புறம் மாதங்கள். தவணை தானாக வந்து நிற்கும்.

பர்சனல் லோன், வீட்டுப் பத்திரத்தின் மேல் கடன், இதெல்லாம்?

பர்சனல் லோனுக்கு ஈடு எதுவும் இல்லை. ஆகவே வட்டி பொதுவாகக் கூடுதல், காலமும் குறைவு. ஆனால் டைட்டில் (வண்டியின் உரிமைப் பத்திரம்) உங்கள் பெயரில் சுத்தமாக இருக்கும். இந்த இன்சூரன்ஸ் எடு, அந்த இன்சூரன்ஸ் எடு என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. குறிப்பிட்ட வயதுக்கு மேற்பட்ட டிரெய்லருக்குப் பல வங்கிகள் ஈட்டுக் கடன் தருவதில்லை. பழைய டிரெய்லரைச் சின்னத் தொகைக்கு வாங்குகிறவர்கள் இந்த வழியில் போகலாம்.

ஹெலாக் என்னும் வீட்டு ஈட்டுக் கடனில் வட்டி குறைவாகத் தெரியும், ஆனால் பெரும்பாலும் மாறும் வட்டி. அதோடு, ஈடாக நிற்பது வீடு. விலை இறங்கிக்கொண்டே போகும் ஒரு பொருளுக்காக வீட்டைப் பணயம் வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

வட்டிக்கு வருமான வரிச் சலுகை உண்டா?

விற்பனையாளர்கள் இதைப் பெரிதாகப் பேசுவார்கள். சட்டத்தில் இருப்பது உண்மைதான்: தூங்க, சமைக்க, கழிப்பறைக்கு வசதி உள்ள டிரெய்லரை ஐஆர்எஸ் (அமெரிக்க வருமான வரித் துறை) இரண்டாவது வீடாக ஏற்கும். கடன் அந்த டிரெய்லரையே ஈடாக வைத்து வாங்கியதாக இருந்தால் வட்டியை வீட்டுக் கடன் வட்டியைப் போலவே கழிக்கலாம். வீட்டை ஈடு வைத்து ஹெலாக்கில் எடுத்த பணத்தில் டிரெய்லர் வாங்கினால் இந்தச் சலுகை கிடையாது. பர்சனல் லோனுக்கும் கிடையாது.

ஆனால் கழிவுகளை வரிசையாகப் பட்டியலிட்டுத் தாக்கல் செய்பவர்களுக்குத்தான் இதனால் பயன். 2025க்கு கணவன், மனைவி சேர்ந்து தாக்கல் செய்தால் ஸ்டாண்டர்டு டிடக்ஷனே (பட்டியல் போடாமலே கிடைக்கும் கழிவு) 31,500 டாலர். நம் உதாரணக் கடனின் முதல் வருட வட்டி சுமார் 2,400. மற்ற கழிவுகளோடு இதையும் சேர்த்து 31,500ஐத் தாண்டினால் ஒழிய இந்த 2,400ஆல் ஒரு பைசா மிச்சமில்லை.

2025இல் வந்த புதுச் சட்டப்படி கார் கடன் வட்டியில் வருடம் 10,000 டாலர் வரை கழிக்கலாமே என்றும் கேட்கிறார்கள். அது கார், வேன், எஸ்யூவி, பிக்கப், மோட்டார் சைக்கிள் போன்றவற்றுக்குத்தான். டிரெய்லர் அந்தப் பட்டியலில் இல்லை. இழுப்பதற்குப் புது பிக்கப் வாங்கினால், மற்ற நிபந்தனைகளும் பொருந்தும் பட்சத்தில் அந்தக் கடனுக்குக் கிடைக்கலாம்.

எதற்கெல்லாம் க்ளெய்ம் கிடைக்காது?

தண்ணீர் கசிவு. இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

என் டிரெய்லரின் மூன்றாவது வருடம், முன்பக்க மூலையில் கூரையும் சுவரும் சேரும் இடத்தில் சீலன்ட் விரிசல் விட்டிருந்தது. கீழே நின்று பார்த்தால் தெரியாது. குளிர்காலம் முழுக்க உள்ளே நீர் இறங்கியிருக்கிறது. வசந்தத்தில் பார்த்தபோது வெளிச்சுவர் அப்பளம்போல் உப்பியிருந்தது. இன்சூரன்ஸ் அனுப்பிய ஆள் வந்தார், சுவரில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார், விரல் உள்ளே போயிற்று. உள்ளே இருந்த மரம் நாள்பட ஊறி மக்கியிருந்தது. 'நீண்ட நாள் கசிவு, பராமரிப்புக் குறை' என்று ஒரு பக்கக் கடிதத்தில் க்ளெய்மை முடித்துவிட்டார்கள். கோபம் வந்தது, ஆனால் பாலிசியில் அப்படித்தான் எழுதியிருந்தது. நான்தான் படிக்கவில்லை.

புயலில் கிளை விழுந்து கூரை கிழிந்து தண்ணீர் இறங்கினால் அது வேறு. திடீர் நிகழ்வு, க்ளெய்ம் கிடைக்கும். மெதுவாக நடப்பது எதுவும் பொதுவாகக் கிடைக்காது: கசிவு, பூஞ்சை, துரு, எலி கடித்த ஒயர், தேய்ந்த டயர். இப்போதெல்லாம் வருடத்துக்கு இரண்டு தடவை ஏணி போட்டு ஏறி, கூரை விளிம்பு முழுவதையும் தேதியோடு படம் எடுத்து வைக்கிறேன். கூரைக்கென்று தனியாகச் சேர்க்கும் கவரேஜும் சில நிறுவனங்களில் உண்டு. என்னென்ன நிபந்தனை என்று கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது வாடகை. சும்மா நிற்கிற நாளில் வாடகைக்கு விட்டுத் தவணையைக் கட்டிவிடலாம் என்று கணக்குப் போடுபவர்கள் பாலிசியையும் கடன் ஒப்பந்தத்தையும் படிக்கட்டும். சாதாரண டிரெய்லர் பாலிசி வாடகைப் பயன்பாட்டை ஏற்காது. பல கடன் ஒப்பந்தங்களும் அதைத் தடை செய்கின்றன.

டிரெய்லரிலேயே குடியிருக்கப் போகிறேன். என்ன மாறும்?

எல்லாமே மாறும். வருடம் முழுக்க அதில் வாழ்பவருக்கு 'ஃபுல் டைமர்' கவரேஜ் வேண்டும். வீட்டு இன்சூரன்சில் உள்ள லயபிலிட்டிபோல ஒன்று அதில் சேரும், பிரீமியமும் ஏறும். பல வங்கிகள் ஃபுல் டைமர்களுக்குக் கடனே தருவதில்லை. விடுமுறைக்குத்தான் என்று விண்ணப்பத்தில் எழுதிவிட்டுக் குடியேறுவது ஆபத்து. பொய் தகவல் என்று காரணம் காட்டி, க்ளெய்ம் வரும் நாளில் கதவைச் சாத்திவிடுவார்கள்.

பிரீமியத்தை எப்படிக் குறைப்பது?

டிடக்டிபிளைக் கூட்டினால் குறையும். அவசரத்துக்கு அந்தத் தொகை கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். குளிர்காலம் முழுக்க வண்டி நகராது என்றால் 'லே-அப்' கேளுங்கள்: நிற்கிற மாதங்களுக்குக் கொலிஷனை நிறுத்திவைத்து, திருட்டு, தீ, மரம் விழுவது போன்றவற்றுக்கான காம்ப்ரிஹென்சிவை மட்டும் வைத்திருப்பார்கள். கடன் இருந்தால் வங்கி இதை ஒத்துக்கொள்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ரோட்சைட் உதவியில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். உங்கள் காருக்கு ஏற்கெனவே இருக்கும் திட்டம் டிரெய்லரையும் இழுத்துப் போகுமா என்று கேளுங்கள். காரை மட்டும் ஏற்றிக்கொண்டு டிரெய்லரை நெடுஞ்சாலை ஓரத்தில் விட்டுப் போகும் திட்டங்கள் இருக்கின்றன.

பிரீமியம் கட்ட மறந்துவிட்டால்?

வங்கியே ஒரு பாலிசி எடுத்து அதன் செலவை உங்கள் கடனில் ஏற்றிவிடும். வழக்கமான பிரீமியத்தைவிட அது மிக அதிகம். அது காப்பதும் வங்கியின் பாக்கியைத்தான், உங்களை இல்லை. தானியங்கிக் கட்டணம் வைத்துவிடுங்கள்.

மெக்சிகோ, கனடா போகலாமா?

கனடாவுக்கு அமெரிக்கப் பாலிசி பொதுவாகச் செல்லும். கிளம்பும் முன் ஏஜென்ட்டிடம் கனடாவுக்கான இன்சூரன்ஸ் அட்டை கேட்டு வாங்குங்கள். மெக்சிகோவில் அமெரிக்க லயபிலிட்டி செல்லாது. அந்த நாட்டுப் பாலிசி தனியாக எடுக்க வேண்டும், அதில் டிரெய்லரையும் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும். கடன் இருந்தால் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக வங்கியின் கடிதமும் தேவைப்படலாம்.

கடனைச் சீக்கிரம் அடைத்தால் அபராதம் இருக்குமா?

ஒப்பந்தத்தில் 'ப்ரீபேமென்ட் பெனால்டி' என்ற சொல்லைத் தேடுங்கள். இருந்தால் வேறு கடன் பாருங்கள். முன்பகுதியிலேயே வட்டியை அதிகமாக ஏற்றும் 'ரூல் ஆஃப் 78' முறையை 61 மாதத்துக்கு மேற்பட்ட கடன்களில் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்திருக்கிறது; குறுகிய காலக் கடன்களில் மட்டும் கவனமாக இருங்கள். கூடுதலாகக் கட்டும்போது 'அசலுக்கு' என்று குறிப்பிட்டுக் கட்டுங்கள். இல்லாவிட்டால் அடுத்த மாதத் தவணையை முன்கூட்டிக் கட்டியதாக எழுதிக்கொள்வார்கள்.

கடன் முடியாமலே விற்க முடியுமா?

முடியும். டைட்டிலில் வங்கியின் பெயர் இருக்கும், அது நீங்கவேண்டும். குறிப்பிட்ட தேதி வரை செல்லும் 'பேஆஃப்' தொகையை (கடனை முழுசாக முடிக்கக் கட்ட வேண்டியது) வங்கியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வங்கிக்குக் கிளை இருந்தால் வாங்குகிறவரையும் அங்கேயே கூட்டிப்போய் முடித்துவிடுவது நல்லது. விற்ற விலை பாக்கியைவிடக் குறைவென்றால் மீதியை அன்றைக்கே நீங்கள் கட்டியாக வேண்டும். விற்ற பிறகு இன்சூரன்சை ரத்து செய்து மீதிப் பிரீமியத்தைக் கேட்டு வாங்குங்கள். கேப்பும் சர்வீஸ் ஒப்பந்தமும் எடுத்திருந்தால் அவற்றின் மீதித் தொகையையும் அதே நாளில் எழுதிக் கேட்டுவிடுங்கள்.